பழைய ஃபைல் அது பாட்டுக்குக் கிடக்கட்டுங்க!

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குப் பேர் வரும். அதைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறவர்களுக்குப் போன்தான் வரும்.

நான் பொட்டலம் கட்டுகிறவள். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே, ஒரு பேக்கரிக்கு மாடியில் எங்கள் கம்பெனி. காலையில் பன் வேகிற வாசனை படியேறி வரும். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி வசதி எதுவும் கிடையாது. விசைத்தறிக் கூடங்களுக்கும் துணி வியாபாரிகளுக்கும் ஸ்டாக், பில், டெலிவரி ஸ்லிப் போடுகிற சாஃப்ட்வேர் செய்கிறோம். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஏசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தள்ளுவார்கள். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கஸ்டமர் ஒரு தடவை அமுக்கினால் தானாக ஏறிக்கொள்கிற மாதிரி ஒரே செட்டப்பாகக் கட்டித் தருவது என் பாடு. பெயர் மலர்விழி. ஆபீஸில் 'மலரக்கா', போனில் 'ஏனுங்க அம்மணி'.

கட்டுவதில் கஷ்டம் இல்லை. புது வெர்ஷன் போய் இறங்குகிற இடத்தில் பழைய வெர்ஷனின் மிச்சம் மீதி கிடக்கிறதே, அதைக் கூட்டி அள்ளுவதில்தான் என் உயிர் போகிறது. மாமனாரின் லேப்டாப்பைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள், மேனேஜரின் கம்ப்யூட்டரில் எதையோ அழித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்தவர்கள், எல்லாரும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஆடியில் ஒரு பொங்கல்

முதலில் எங்கள் வீட்டு அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். குப்பை கஸ்டமர் கம்ப்யூட்டரில் மட்டும் சேர்வதில்லை. செட்டப் கட்டுகிற மெஷினிலேயே சேரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார்கள். போன தடவை கட்டியதன் மேலேயே இந்தத் தடவையும் கட்டுவார்கள். அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டிபன் கேரியரைக் கழுவாமல், நேற்றைய சாம்பார் மேலேயே இன்றைய ரசத்தை ஊற்றுகிற மாதிரி.

தை மாதம் யாரோ ஆசையாக ஒரு வாழ்த்துப் படம் செய்து அந்த ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். பானை, கரும்பு, சூரியன் எல்லாம் போட்ட படம். அது அப்படியே அடியில் தங்கி, ஆடி மாதம் அனுப்பிய வெர்ஷனோடு பவானிக்குப் போய்விட்டது. அங்கே ஜமக்காள வியாபாரி சென்னியப்பன் அண்ணன் கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்தால் முழுத் திரையிலும் பானை பொங்கி வழிகிறது. கட்டுவதற்கு முன் ஃபோல்டரை ஒட்ட ஒட்டக் காலி செய்யாமல் இனி ஒரு பொட்டலமும் கட்டுவதில்லை என்று நான் தீர்மானித்தது அன்றைக்குத்தான். தீர்மானிக்க வைத்தது சென்னியப்பன் அண்ணன் போனில் கேட்ட கேள்வி: "ஏனுங்க அம்மணி, எங்கூர்ல ஆத்துல தண்ணி வந்து ஆடிப்பெருக்குக்கு ரெடியாயிட்டிருக்குறோம். உங்கூர்ல மட்டும் பொங்கலை மாத்தி வெச்சுப்போட்டாங்களாங்க?"

பெயர்ப் பலகை

பல்லடத்தில் ஒரு தறிக் கூடத்தின் கணக்குப்பிள்ளை. புது வெர்ஷன் போடுவதற்கு முன் பழையதை எடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னேன். "எடுத்துப்போட்டேனுங்க" என்றார். இவ்வளவு சீக்கிரமாகவா என்று சந்தேகப்பட்டு விசாரித்தால், திரையில் இருந்த ஐகானை மட்டும் அழித்திருக்கிறார். ஐகான் என்பது வீட்டு வாசலில் இருக்கிற பெயர்ப் பலகை மாதிரி, பலகையைக் கழற்றினால் வீடு இடிந்துபோகாது, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்ப இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள பலகை இல்லாம எத்தனை ஊடு இருக்குதுங்க அம்மணி?"

செந்திலின் அகராதி

எங்கள் சர்வீஸ் ஆள் செந்தில் தங்கமான பையன். பைக்கில் ஊர் ஊராகப் போய் கஸ்டமர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எந்த ஊரிலும் அவனைச் சாப்பிடாமல் அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. அவனிடம் ஒரே ஒரு குறை. எதையும் அழிக்க மாட்டான்.

புது வெர்ஷன் போடப் போனால், பழைய ஃபோல்டரின் பெயரை 'பழசு' என்று மாற்றி ஓரமாக வைப்பான். அடுத்த வெர்ஷன் வந்தால் அது 'பழசு'. முந்தையது 'ரொம்பப் பழசு'. அதற்கும் முந்தையது 'தொட வேண்டாம்'. ஒரு தறிக் கூடத்தில் 'தொட வேண்டாம்', 'இதையும் தொட வேண்டாம்' என்று இரண்டு ஃபோல்டர் பார்த்தேன். சில சமயம் பெயரை மாற்றக்கூட மனசு வராது. புதிதைப் பக்கத்தில் வேறு இடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவான். இரண்டும் ஒரே டேட்டாவைத்தான் படிக்கும். பழையது செத்ததாகவும் சொல்ல முடியாது, இருப்பதாகவும் சொல்ல முடியாது.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் மரியாதையே அப்படி. வந்தவரைப் போ என்று சொல்ல வாய் வராது. போகிறவரிடமும் 'இருந்துட்டுப் போலாமுங்க' என்போம். அந்த மரியாதையை ஃபைல்களுக்கும் கொடுத்தால் என் கதி என்ன ஆவது? ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏன்டா, இதையெல்லாம் தூக்கிப் போட்டா என்னடா?" என்று கத்திவிட்டேன். செந்தில் கொஞ்சமும் கோபப்படாமல், பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே சொன்னான்: "அது பாட்டுக்குக் கிடக்கட்டுங்க்கா. சோறா கேக்குது?"

கோன் ரூமிலிருந்து ஒரு போன்

சோறு கேட்காதுதான். ஆனால் வேறொன்று கேட்டது.

சூலூரில் வேலுச்சாமி என்பவர் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற பெண் கனகமணி. நூல் கோன்களை அடுக்கி வைத்திருக்கும் கோன் ரூமுக்கு வேலைக்கு வந்து, ஓய்ந்த நேரத்தில் எட்டி எட்டிப் பார்த்து, கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற அந்த நாற்காலிக்கு வந்தவர். எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு சந்தேகம் என்றால் தெளிவாகக் கேட்பார், சொன்னதைத் திருப்பிக் கேட்க மாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒருநாள் ரகசியமான குரலில் அவரிடமிருந்து போன் வந்தது. திருப்பூரில் துணி வாங்குகிற பார்ட்டி தன் குடோனை ஊருக்கு வெளியே அவிநாசிப் பக்கம் மாற்றிவிட்டது. எங்கள் புது வெர்ஷனில் டெலிவரி விலாசத்துக்கென்று தனி இடம் இருக்கிறது. கனகமணி அதில் புது விலாசத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆனாலும் நடு நடுவே ஸ்லிப்பில் பழைய குடோன் விலாசமே வருகிறது. டிரைவர் ஸ்லிப்பைப் பார்த்து ஓட்டுகிறவர். டெம்போ துணியோடு போய்ப் பூட்டிக் கிடக்கிற ஷட்டர் முன்னால் நிற்கிறது. பார்ட்டி வேலுச்சாமியைத் திட்ட, வேலுச்சாமி கனகமணியைத் திட்ட, கடைசியில் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. ஆயுத பூஜை முடிந்ததும் கனகமணி மறுபடி கோன் ரூமுக்கு. கம்ப்யூட்டருக்கு முதலாளியின் அக்கா மகன்.

ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது எங்கள் பழைய வெர்ஷன் போடுகிற ஸ்லிப். பழையதற்கு டெலிவரி விலாசம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பார்ட்டி பெயருக்கு நேராக எப்போதோ போட்ட விலாசத்தைத்தான் எடுக்கும். "பழசைத் தொறந்தீங்களாங்க?" என்று கேட்டேன். "சாமி சத்தியமா இல்லீங்க. செந்தில் தம்பி காட்டுன புதுசைத்தானுங்க தொறக்கறேன். நான் போட்டாச் செரியாத்தான் வருது" என்றார். செந்திலைக் கேட்டால், "பழைய வெர்ஷன் அங்க இருக்குங்க்கா. ஆனா அதைய யாரும் தொட மாட்டாங்க" என்றான்.

யாரும் தொடாத சாஃப்ட்வேர் எப்படி ஸ்லிப் போடும்? எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எங்கள் கம்பெனி விட்டுவிட்டு வந்த குப்பைக்கு ஒரு பெண் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆயுத பூஜைக்குள் அந்தப் பழையதை அங்கிருந்து எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கனகமணி போனில் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: "எங்கம்மா கம்ப்யூட்டர்ல வேலை செய்யறாங்கன்னு என்ற பொண்ணு பள்ளிக்கூடத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்குதுங்க. எந்தப் பட்டனை அமுக்குனா மானம் போகாதுன்னு மட்டும் சொல்லுங்க அம்மணி."

பத்திரமான இடம்

சூலூருக்கு மட்டும் போய் அழித்துவிட்டு வந்தால், நாளைக்குப் பல்லடத்தில் வேறொரு கனகமணி மாட்டுவார். அதனால் புது வெர்ஷன் செட்டப்பே எங்கள் பழைய ஃபோல்டரைத் தேடிப் பிடித்து மொத்தமாக அழித்துவிட வேண்டும். அப்படித்தான் முதலில் எழுதினேன். ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன், ஒரு கஸ்டமர் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமென்று பவானி சென்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். "தாராளமாப் பாருங்க" என்றார். இங்கிருந்தபடியே அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எங்கள் ஃபைல்களுக்கு நடுவே 'கவிதா ஜாதகம்' என்று ஒன்று, அண்ணன் மகளுடையது. கீழே வரிசையாக மாப்பிள்ளைப் போட்டோக்கள். சட்டையை உள்ளே விட்டவர், மீசை வைத்தவர், கார் மேல் சாய்ந்து நிற்பவர். அவர்களையும் பிரித்து வைத்திருக்கிறார்: 'பாக்கலாம்', 'யோசிக்கலாம்', 'ஆகாது'. நான் எழுதி வைத்தபடி செட்டப் ஓடியிருந்தால் பார்க்கலாம் என்றவரும் ஆகாது என்றவரும் ஒரே நொடியில் காணாமல் போயிருப்பார்கள்.

"அண்ணா, இதைய எதுக்குங்ணா எங்க ஃபோல்டர்ல வெச்சீங்க?" என்றேன். கடைக் கம்ப்யூட்டரில் பங்காளிகள், புரோக்கர்கள், சரக்கு பார்க்க வருகிறவர்கள் என்று எல்லாரும் கை வைப்பார்களாம். டெஸ்க்டாப்பில் வைத்தால் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் நன்றாக யோசித்து இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் எங்கள் சாஃப்ட்வேரைப் பற்றி மனதாரச் சொன்ன ஒரே பாராட்டு என்று இதைத்தான் வைத்திருக்கிறேன்: "உங்க பழைய ஃபோல்டரை நாய்கூடத் திரும்பிப் பாக்காதுங்க அம்மணி. அத்தனை பத்திரம்."

கோலம்

விஷயம் எம்.டி. காதுக்குப் போனது. கூட்டம் போட்டார். பவானியில் ஜாதகம் என்றால், மற்ற ஊர்களில் எங்கள் ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கிறதோ? புரோகிராம்காரர்கள் எல்லாரும் ஒரே குரலாக, இந்தத் தடவை சுத்தம் செய்கிற வேலையை விட்டுவிடலாம், அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வெர்ஷன் என்பது எங்கள் ஆபீஸில் ஒரு பரண். வேண்டாததையெல்லாம் அதன் மேல் ஏற்றிவிடுவார்கள்.

நான் விடவில்லை. "அடுத்த வெர்ஷன் வர்றப்போ கனகமணி கோன் ரூம்ல இருப்பாங்க சார். நாம வெச்சதை நாமதான் எடுக்கணும். அவங்க வெச்சதைத் தொட மாட்டேன்" என்றேன். நாங்கள் இதுவரை அனுப்பிய பழைய செட்டப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கள் கையால் வைத்த ஃபைல் எது என்று பார்த்து, அதை மட்டும் எடுக்கிற மாதிரி மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவும் மனசில்லை.

எம்.டி. எழுந்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிச் சொன்னார்: "செரி, கூட்டுங்க அம்மணி. ஆனாக் கூட்டுற வேகத்துல கோலத்தையும் சேத்துக் கூட்டிப்போடாதீங்க."

முருகன் காலடியில்

மாற்றி எழுதி முடித்தும் எனக்கு ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் தொடாத பழையதை யார் தொடுகிறார்கள்? அது தெரியாமல் பொட்டலத்தை மூட எனக்கு மனசு வரவில்லை. காந்திபுரத்தில் பஸ் மாறிச் சூலூர் போய் இறங்கினேன்.

வேலுச்சாமி அண்ணன் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. போனில் வீட்டம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "வாங்க அம்மணி. மத்தியானம் சாப்ட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றார். அடுத்த வாக்கியத்திலேயே கனகமணியின் தப்புகளைச் சொல்ல ஆரம்பித்தார். மேலே விமானப்படை விமானம் ஒன்று ஆபீஸே அதிரும்படி போனதால், பாதியில் நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கனகமணி தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க வேலோடு நிற்கும் முருகன். சாமி மேல் எதுவும் படக்கூடாது என்பதால் ஐகான்களெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. ஒன்றே ஒன்று மட்டும் நட்ட நடுவில், சரியாக முருகன் காலடியில் இருந்தது. எங்கள் பழைய வெர்ஷனின் ஐகான். கனகமணி அதன் பக்கமே போகவில்லை. வலது ஓரத்தில் இருந்த புதியதைத்தான் ஒவ்வொரு தடவையும் திறந்தார். காலையில் போட்ட ஸ்லிப் எல்லாவற்றிலும் அவிநாசி விலாசம் கச்சிதமாக வந்தது.

மத்தியானம் கனகமணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு சாப்பிடப் போனார். வெளியே டெம்போ ஹாரன் அடித்தது. "இந்த நேரத்துலதான் வண்டி கெளம்பும். தினமும் நானே ஒண்ணு ரெண்டு ஸ்லிப் போட்டு வண்டியைத் தாட்டியுட்டிருவேன்" என்று சொல்லிக்கொண்டே வேலுச்சாமி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு விநாடி கண்ணை மூடினார். பிறகு மவுஸைப் பயபக்தியோடு நகர்த்திக்கொண்டுபோய், முருகன் காலடியில் இரண்டு தட்டுத் தட்டினார். பழைய வெர்ஷன் ஜம்மென்று திறந்தது. ஸ்லிப் வந்தது. பூட்டிக் கிடக்கிற குடோனின் விலாசம்.

எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர், வயதில் பெரியவர், சாப்பிட வேறு கூப்பிட்டிருக்கிறார். "அண்ணா, இதைய ஒருக்காப் படிச்சுப் பாருங்க" என்று ஸ்லிப்பை நீட்டினேன். படித்தார். முகம் சிவந்தது. "ஏ கனகூ…" என்று கோன் ரூம் பக்கம் பார்த்துக் கத்த ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பார்த்தார். கையிலிருந்த மவுஸைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். பிறகு, தறிச் சத்தத்துக்கு நடுவே எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "அப்ப… நாந்தானுங்களா?"

ஐகான் இருக்கும், ஆள் மாறும்

அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தால் உங்களுக்கு எங்கள் பக்கத்து மனிதர்களைத் தெரியாது. "இதைய எடுத்துடலாமுங்களா?" என்று அந்த ஐகானைக் காட்டினேன். பதறிப்போனார். கம்ப்யூட்டர் வாங்கிய வருஷம் ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சாமி காலடியில் அவர் கையாலேயே நகர்த்தி வைத்த ஐகான் அது. அதற்குப் பிறகுதான் தறிக் கூடம் இன்னொரு பக்கம் நீண்டது என்பது அவர் கணக்கு. செந்திலுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் புதியதை ஓரமாக வைத்துவிட்டு, சாமி காலடியில் இருக்கிற பழையதை யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அதே யோசனை. பல்லடத்துக் கணக்குப்பிள்ளைக்கு நானே சொன்னதுதான் கடைசியில் கை கொடுத்தது. ஐகான் என்பது பெயர்ப் பலகைதானே? பலகையை ஏன் கழற்ற வேண்டும்? பலகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், உள்ளே ஆள் மாறட்டும். எங்கள் பழைய ஃபைல்களை எடுத்துவிட்டு, பழைய ஐகான் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருந்துகொண்டு புது வெர்ஷனைத் திறக்கிற மாதிரி செட்டப்பை இன்னொரு தடவை மாற்றிக் கட்டினேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் முருகனை வைத்து, காலடியில் ஐகானை வைத்து, கவிதாவின் ஜாதகம் மாதிரி ஒரு போலி ஜாதகத்தையும் பழைய ஃபோல்டரில் போட்டு, ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஜாதகம் தங்கியது. ஐகான் தங்கியது. பழையது போனது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் செந்திலையும் கூட்டிக்கொண்டு சூலூர் போனேன். செட்டப்பை அவன் கையாலேயே ஓட்டச் சொன்னேன். பழைய ஃபோல்டர் கண் முன்னால் மறைந்ததும், பஸ் ஏற்றிவிட வந்தவன் மாதிரி சற்று நேரம் நின்றான். "போயிருச்சுங்க்கா" என்றான். வேலுச்சாமி அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றினார், கண்ணை மூடினார், காலடியில் இரண்டு தட்டு. திறந்தது புது வெர்ஷன். ஸ்லிப்பில் அவிநாசி விலாசம்.

ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலுச்சாமி அண்ணன் கனகமணியைப் பார்த்தார். டெம்போ டிரைவர், கோன் ரூம் பெண்கள், நாங்கள் என்று எல்லாரும் நிற்கிறோம். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் உள்ள மனிதர் இல்லை அவர். ஸ்லிப்பைக் கனகமணியிடம் நீட்டி, "கனகு, இனி நான் போடறதையும் நீ ஒருக்காப் பாத்துப்போட்டுத்தான் வண்டிக்குக் குடுக்கோணும். அக்கா பையனை வேண்டாமின்னு சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தறிப் பக்கம் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செந்தில் என்னைப் பார்க்காத மாதிரி விமானத்தைப் பார்த்தான். அப்போது விமானம் எதுவும் போகவில்லை.

கிளம்பும்போது பேனா எடுக்கக் கனகமணியின் மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே பழைய குடோன் விலாசம் போட்ட ஸ்லிப்புகள், கசங்காமல் நேராக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. வேலுச்சாமி அண்ணன் மத்தியானத்தில் போட்டு, ஷட்டர் வரை போய்த் திரும்பி வந்தவை. "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, இதையெல்லாம் கிழிச்சுப் போட்டுருங்க" என்றேன். கனகமணி சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். டிராயரை மெதுவாக உள்ளே தள்ளி மூடிவிட்டுச் சொன்னார்: "அது பாட்டுக்குக் கிடக்கட்டுங்க அம்மணி."

பழைய ஃபைலை அழிப்பது ஒரு நொடி வேலை. அதை அழித்துக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கத்துக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.